ஜூரி திரும்ப வந்தால் நியாயம் கிடைக்குமா?

மாட்டுங்கா_மனம் எழுதியது:

நம் மும்பைத் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக இதே பேச்சுதான். "வழக்குகள் வருடக்கணக்கில் இழுக்கின்றன, ஜூரியைத் திரும்பக் கொண்டுவாருங்கள், மக்களே தீர்ப்புச் சொல்லட்டும்" என்று ஒருவர் ஆரம்பித்து வைத்தார். ஜூரி என்றால், சட்டம் படிக்காத சாதாரண மக்கள் சிலர் கோர்ட்டில் உட்கார்ந்து சாட்சியங்களைக் கேட்டு, குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் பழைய முறை. கல்லூரியில் உளவியல் எடுப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது. அதனால் தனி இழையாகவே தொடங்குகிறேன்.

நம் ஊரில் ஜூரி என்றாலே நானாவதி வழக்குதான் நினைவுக்கு வரும். 1959 ஏப்ரல் 27. பிரேம் அஹுஜாவோடு தனக்குத் தொடர்பு இருப்பதை மனைவி சில்வியாவே கடற்படை கமாண்டர் நானாவதியிடம் சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகு அவர் செய்தவற்றை வரிசையாகப் பாருங்கள். மனைவி மக்களை மெட்ரோ தியேட்டரில் கொண்டுபோய் விடுகிறார். கப்பலுக்குப் போய் ஒரு பொய்க் காரணம் சொல்லி ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வாங்குகிறார். அஹுஜாவின் அலுவலகத்தில் போய்த் தேடுகிறார். அங்கே ஆள் இல்லை என்றதும் வீட்டுக்குப் போகிறார். 4.20 மணிக்குச் சுடுகிறார். தன் வீட்டை விட்டுக் கிளம்பியது 1.30க்கு. நடுவில் ஏறக்குறைய மூன்று மணி நேரம்.

இதையெல்லாம் உட்கார்ந்து கேட்ட ஒன்பது ஜூரர்களில் எட்டுப் பேர் "குற்றவாளி இல்லை" என்றார்கள்.

அவர்களுக்கு அறிவில்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நம் மனம் சாட்சியங்களை ஒவ்வொன்றாக எடை போட்டுக் கூட்டிப் பார்ப்பதில்லை. காதில் விழுந்ததை வைத்து ஒரு கதை கட்டிக்கொள்கிறது, அப்புறம் அந்தக் கதைக்குப் பொருந்துகிற தீர்ப்பைப் பிடித்துக்கொள்கிறது. நான்சி பென்னிங்டன், ரீட் ஹேஸ்டி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1988இல் இதைச் சோதித்தார்கள். ஒரே கொலை வழக்கு, ஒரே சாட்சியங்கள், வரிசை மட்டும்தான் வேறு. அரசுத் தரப்புச் சாட்சியங்களைச் சம்பவம் நடந்த வரிசையில் கோத்து, எதிர்த்தரப்புடையதைச் சாட்சிக்குச் சாட்சி துண்டு துண்டாகக் கொடுத்தபோது 78 சதவீதம் பேர் குற்றவாளி என்றார்கள். இதை அப்படியே மாற்றிக் கொடுத்தபோது 31 சதவீதம் பேர்தான் அப்படிச் சொன்னார்கள். புதிதாக ஒரு சாட்சிகூடச் சேரவில்லை.

நானாவதி பக்கம் முழுக் கதை இருந்தது. நாட்டுக்கு உழைத்த அதிகாரி, நம்பி மோசம் போன கணவர், நியாயம் கேட்கப் போன இடத்தில் கைகலப்பு, அதில் துப்பாக்கி வெடித்துவிட்டது. அரசுத் தரப்பிடம் இருந்தது துண்டுகள்: காயங்கள், நேரக் கணக்கு, கைகலப்பு நடந்ததாகச் சொல்லியும் அஹுஜாவின் இடுப்பை விட்டு நழுவாத துவாலை. துவாலை வலுவான சாட்சியம்தான். ஆனால் அதைக் கேட்டு யாருக்கும் கண் கலங்காது. போதாக்குறைக்கு பிளிட்ஸ் வார இதழ் வாரா வாரம் கமாண்டர் பக்கம் நின்று எழுதியது. 25 பைசா இதழ் 2 ரூபாய்க்கு விற்றது என்பார்கள். ஜூரர்களும் இதே பம்பாயில் வாழ்ந்தவர்கள்தானே.

மற்றவர்களும் எழுதுங்கள். குறிப்பாக கோர்ட்டுக்குப் போய்வருகிறவர்கள்.

---

கறுப்புக்கோட்டு_ஃபோர்ட் எழுதியது:

சார், செஷன்ஸ் கோர்ட்டில் கிரிமினல் பக்கம் வக்கீலாக இருக்கிறேன். நீங்கள் சொன்னதில் பெரும்பாலும் சம்மதம். ஆனால் பழி முழுவதும் ஜூரி மேல் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அந்தத் தீர்ப்பை செஷன்ஸ் நீதிபதி ஏற்கவில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 307ஆம் பிரிவில் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். ஹைகோர்ட் கொலைக்குற்றம் என்று சொல்லி ஆயுள் தண்டனை கொடுத்தது. 1961 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. இந்த விசாரணைகளில் வெளிவந்த முக்கியமான விஷயம், நீதிபதி ஜூரிக்குச் சட்டத்தை எடுத்துச் சொன்னதிலேயே குறைகள் இருந்தன என்பது. கைதவறி நடந்த விபத்து என்று குற்றம் சாட்டப்பட்டவர் சொன்னால், அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு அவருடையது. இது ஜூரிக்குச் சரியாக விளக்கப்படவில்லை. சட்டம் படிக்காத ஒன்பது பேரிடம் வாய்மொழியாக ஒரு தடவை சொல்லிவிட்டு உள்ளே அனுப்பினால், தெரியாத இடத்தை அவர்கள் மனசுக்குப் பட்டதை வைத்துத்தான் நிரப்புவார்கள்.

இன்னொன்று. நானாவதிதான் இந்தியாவின் கடைசி ஜூரி வழக்கு என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அது சரியில்லை. அதற்குப் பிறகும் சில இடங்களில் ஜூரி உட்கார்ந்தது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்த பிறகுதான் முழுதாகப் போனது. நானாவதி கொலை நடப்பதற்கு முந்தைய வருடமே, 1958இல், சட்ட ஆணையம் தன் 14ஆவது அறிக்கையில் ஜூரி வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

உளவியல் பேசுவதென்றால் எனக்கு முதலில் தோன்றுவது திலகர் வழக்கு. 1908, இதே பம்பாய் ஹைகோர்ட். கேசரி பத்திரிகையில் மராத்தியில் எழுதிய கட்டுரைகளுக்காக ராஜத்துரோக வழக்கு. ஜூரியில் ஏழு ஐரோப்பியர்கள், இரண்டு பார்சிகள். ஏழு பேரும் குற்றவாளி என்றார்கள், இரண்டு பேர் இல்லை என்றார்கள். எழுதப்பட்ட மொழியே தெரியாதவர்கள் அந்த எழுத்தின் உள்நோக்கத்தைத் தீர்மானித்தார்கள். கிடைத்தது ஆறு வருட நாடுகடத்தல், மாண்டலே சிறை. அன்று அவர் சொன்ன வார்த்தைகளை ஹைகோர்ட்டின் சென்ட்ரல் கோர்ட் அறைக்கு வெளியே பளிங்கில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று படித்துவிட்டுத்தான் போவேன்.

---

சயான்_அக்கா எழுதியது:

எனக்குக் கோர்ட்டு தெரியாது. எங்கள் ஹவுசிங் சொசைட்டியின், அதாவது கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத்தின், ஜெனரல் பாடி மீட்டிங் நன்றாகத் தெரியும். ஜூரி அறைக்குள் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்க அதுவே போதும் என்று தோன்றுகிறது.

எங்கள் கட்டடத்தில் மொட்டை மாடியில் வைத்திருந்த செம்பு கேபிள் காணாமல் போனது. ராத்திரி வாட்ச்மேன் மேல் சந்தேகம். மீட்டிங்கில் சேர்மன் எழுந்து, "விஷயம் எல்லாருக்கும் தெரியும், அவனை நிறுத்திவிடலாம் என்பவர்கள் கை தூக்குங்கள்" என்றார். யார் பார்த்தார்கள், மாடிச் சாவி யார் யாரிடம் இருக்கிறது, எந்த ராத்திரி போனது, ஒரு கேள்வியும் வரவில்லை. முன் வரிசையில் கமிட்டிக்காரர்கள் கை தூக்கினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா இடமும் வலமும் பார்த்தார், கொஞ்சம் தயங்கினார், அப்புறம் தோள் வரைக்கும் பாதிக் கை தூக்கினார். நான் தூக்கவில்லை. சாவி விஷயத்தைக் கேட்டேன். "வீணா எதுக்கு மேடம் பிரச்சினை, மெஜாரிட்டி ஆகிவிட்டது" என்றார்கள்.

மீட்டிங் முடிந்து படியேறும்போது இரண்டாம் மாடிக்காரர் வந்து, "எனக்கும் சந்தேகம்தான் அக்கா, அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை" என்கிறார். உள்ளே சொல்லியிருக்கலாமே! கேபிளை யார் எடுத்தார்கள் என்று இன்று வரை யாருக்கும் தெரியாது. அந்த மனிதர் மட்டும் அந்த மாதச் சம்பளத்தோடு போய்விட்டார்.

படித்தவர்கள், பேங்கில் வேலை பார்ப்பவர்கள், சாமி கும்பிடுகிறவர்கள். ஒருவரும் கெட்டவர் கிடையாது. ஏன் இப்படி ஆகிறது என்று உங்கள் படிப்பில் பதில் இருக்கிறதா?

---

மாட்டுங்கா_மனம் எழுதியது:

அக்கா, இருக்கிறது. நீங்கள் சொன்ன பாதிக் கையைப் பற்றியே ஆய்வுகள் இருக்கின்றன.

1950களில் சாலமன் ஆஷ் செய்த சோதனை. கோடுகளின் நீளத்தை ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். பதில் கண்ணுக்கு நேரே தெரியும். ஆனால் கூட இருப்பவர்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஒரே குரலில் தப்பான பதிலைச் சொல்வார்கள். உண்மையாகச் சோதிக்கப்படுகிறவர் ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை அவர்களோடு சேர்ந்து அதே தப்பைச் சொன்னார். இதில் நமக்கு வேண்டியது அடுத்த பகுதி. கூட ஒரே ஒரு ஆள் சரியான பதிலைச் சொன்னால் போதும், ஒத்துப்போவது மளமளவென்று குறைந்துவிட்டது. உங்கள் இரண்டாம் மாடிக்காரர் உள்ளேயே வாய் திறந்திருந்தால் அந்தப் பக்கத்து அம்மாவின் கையும் கீழே இறங்கியிருக்கும்.

ஹாரி கால்வென், ஹான்ஸ் ஸைசல் இருவரும் 1966இல் அமெரிக்க ஜூரிகளைப் பற்றி ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். முதல் வாக்கெடுப்பில் எந்தப் பக்கம் பெரும்பான்மையோ, பத்தில் ஒன்பது வழக்குகளில் கடைசித் தீர்ப்பும் அதுவே. அப்படியானால் அறைக்குள் நடக்கும் பேச்சுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. அதைப் பார்க்க, வாக்கு எப்போது எடுக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். ஹேஸ்டியும் கூட்டாளிகளும் 1983இல் எழுதியதில் இரண்டு வகை ஜூரிகளைக் காட்டினார்கள். ஒன்று, உள்ளே போனவுடன் கை தூக்கிவிட்டுப் பேச ஆரம்பிப்பது. இன்னொன்று, முதலில் சாட்சியங்களை எல்லாம் மேஜையில் போட்டுப் பேசிவிட்டுக் கடைசியில் வாக்கெடுப்பது. முதல் வகையில் அவரவர் தூக்கிய கைக்கு வக்காலத்து வாங்குவதிலேயே பேச்சு போய்விடுகிறது. இரண்டாவது வகையில் பேச்சு இன்னும் ஆழமாகப் போகிறது.

உங்கள் சேர்மன் கேட்ட முதல் கேள்வியே தீர்ப்பை எழுதிவிட்டது, அக்கா. அங்கே இருந்தவர்களின் குணத்தைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

---

தாராவி_90அடி எழுதியது:

அண்ணா, எல்லாம் படித்தேன். ஒரு விஷயம் உறுத்துகிறது. இந்த ஆய்வுகளை வைத்துக்கொண்டு "பொதுஜனத்துக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது" என்ற முடிவுக்குத்தான் எல்லாரும் வருகிறார்கள். நீதிபதி மட்டும் வேறு மூளையோடு பிறந்தாரா?

நீங்கள் சொன்ன அதே கால்வென்-ஸைசல் ஆய்வில் 3,576 வழக்குகளில் நீதிபதி என்ன சொல்லியிருப்பார் என்றும் கேட்டார்கள். 78 சதவீத வழக்குகளில் ஜூரியும் நீதிபதியும் ஒரே முடிவு. இதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஜெர்மனியில் 2006இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு. சட்ட அனுபவம் உள்ளவர்களிடம் பகடை உருட்டச் சொல்லிவிட்டு ஒரு திருட்டு வழக்கில் எவ்வளவு தண்டனை கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை எப்போதும் 3 அல்லது 9 விழும்படி செய்யப்பட்டது. 3 விழுந்தவர்கள் சராசரியாக 5 மாதம், 9 விழுந்தவர்கள் 8 மாதம். பகடைக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம்?

எங்கள் தெருப் பையன்களுக்கு இது புத்தக விஷயம் கிடையாது. முகவரியில் தாராவி என்று இருந்தாலே எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். முடிவு எடுக்கும் இடத்தில் எங்களைப் போல நாலு பேர் இருந்தால் அந்தப் பார்வை மாறும் என்று நம்புகிறேன். திலகர் வழக்கில் மராத்தி தெரிந்த ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தால் அதே தீர்ப்பு வந்திருக்குமா? ஜூரியைக் குறை சொல்வதற்கு முன்னால் அந்த நாற்காலியில் யாரை உட்கார வைத்தார்கள் என்று கேளுங்கள்.

---

மாட்டுங்கா_மனம் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. நீ சொன்னதற்கு வலு சேர்க்கும் ஆய்வே இருக்கிறது. சாமுவேல் சாமர்ஸ், 2006. வெள்ளையர் மட்டும் இருந்த ஜூரிகளையும், கறுப்பரும் வெள்ளையரும் கலந்திருந்த ஜூரிகளையும் ஒப்பிட்டார். கலந்த குழுக்கள் அதிக நேரம் பேசின, அதிகத் தகவல்களை எடுத்தன, தப்பான தகவல்கள் குறைவாக வந்தன. இதில் முக்கியமானது, கலந்த குழுவில் உட்கார்ந்திருந்த வெள்ளையர்களே இன்னும் கவனமாகப் பேசினார்கள் என்பது. பக்கத்தில் வேறு மாதிரி வாழ்ந்த ஒருவர் உட்கார்ந்தாலே நம் பேச்சு ஒழுங்காகிவிடுகிறது.

ஆனால் ஆளை மாற்றினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. கண்ணால் பார்த்த சாட்சியை எடுத்துக்கொள். எலிசபெத் லாஃப்டஸ் 1974இல் ஒரு மளிகைக் கடைக் கொலை வழக்கைக் கொடுத்தார். கண்கண்ட சாட்சி இல்லாதபோது 18 சதவீதம் பேர் குற்றவாளி என்றார்கள். ஒரு சாட்சியைச் சேர்த்ததும் 72 சதவீதம். மூன்றாவது குழுவிடம், அந்தச் சாட்சிக்குப் பார்வை மிகவும் மோசம், அன்று கண்ணாடியும் போடவில்லை, அவர் நின்ற இடத்திலிருந்து முகமே தெரியாது என்று குறுக்கு விசாரணையில் உடைத்துக் காட்டினார்கள். அப்போதும் 68 சதவீதம்! "நான் பார்த்தேன்" என்று ஒருவர் சொல்லிக் கேட்டுவிட்டால் அது மனசை விட்டுப் போவதில்லை.

"இதைக் கணக்கில் எடுக்காதீர்கள்" என்று நீதிபதி சொன்னாலும் அப்படித்தான். சிகாகோவில் விபத்து நஷ்டஈட்டு வழக்கு ஒன்றை வைத்து ஒரு பழைய ஆய்வு செய்தார்கள். பிரதிவாதிக்கு இன்ஷூரன்ஸ் இல்லை என்றபோது ஜூரிகள் சராசரியாக 33,000 டாலர் கொடுத்தன. இருக்கிறது என்று சும்மா தெரியவந்தபோது 37,000. இருக்கிறது என்று வெளியே வந்து, அதை மறந்துவிடுங்கள் என்று நீதிபதி எச்சரித்தபோது 46,000. எச்சரிக்கையே அதை மனதில் ஆணியடித்துவிட்டது.

அடித்து வாங்கிய வாக்குமூலமும் இதே கதை. சால் கேஸின் செய்த சோதனைகளில், மிரட்டி வாங்கியது என்று ஜூரர்களே ஒப்புக்கொண்டார்கள், அது எங்களைப் பாதிக்கவில்லை என்றும் சொன்னார்கள். ஆனாலும் வாக்குமூலம் இருந்த வழக்குகளில் குற்றவாளி என்றவர்கள் கூடியிருந்தார்கள். நம் சட்டம் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தை வாசலிலேயே நிறுத்துவதன் அருமை இங்கேதான் தெரிகிறது. உள்ளே விட்டுவிட்டு மறக்கச் சொன்னால் யாராலும் முடியாது.

அழகைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: வீடு புகுந்து திருடியதாகச் சொன்னால் அழகான பெண்ணுக்குக் குறைந்த தண்டனை, அழகைக் காட்டி ஏமாற்றிப் பணம் பறித்ததாகச் சொன்னால் அந்தச் சலுகை போய்விட்டது. 1975 ஆய்வு.

---

கறுப்புக்கோட்டு_ஃபோர்ட் எழுதியது:

தாராவித் தம்பி, நீதிபதிக்கும் அதே மூளைதான். மறுக்கவே இல்லை. காலையில் பேப்பரும் படிப்பார், வாட்ஸ்அப்பும் பார்ப்பார். ஆனால் ஜூரி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். நீதிபதி எழுத வேண்டும். எந்தச் சாட்சியை நம்பினேன், எதை ஏன் தள்ளினேன், எதிர்த்தரப்பு சொன்னதற்கு என்ன பதில் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டுதான் நான் ஹைகோர்ட்டுக்குப் போகிறேன். கண்ணாடி போடாத சாட்சியை நம்பியிருந்தால் அது பத்தி எண்ணோடு அதில் மாட்டும். எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் எனக்கு என்ன மாட்டும்?

மனசு கதை கட்டுவதை யாராலும் நிறுத்த முடியாது. கட்டிய கதையை இன்னொருவர் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். அந்த வழி இருந்தால் ஜூரி வந்தாலும் எனக்குப் பயமில்லை.

ஜூரி மாதிரி ஒன்று நம் ஹைகோர்ட்டில் இன்னமும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பார்சி திருமணச் சட்டத்தின் கீழ் வரும் விவாகரத்து வழக்குகளில் நீதிபதியோடு அந்தச் சமூகத்தைச் சேர்ந்த பிரதிநிதிகள் ஐந்து பேர் உட்கார்கிறார்கள். 1988க்கு முன் ஏழு பேர். தன் வீட்டுச் சண்டையைத் தன் ஊர்க்காரர்கள் ஐந்து பேர் உட்கார்ந்து கேட்பது சிலருக்கு ஆறுதல், சிலருக்கு அவமானம்.

---

சயான்_அக்கா எழுதியது:

வக்கீல் சார், அப்படியானால் எங்கள் சொசைட்டியிலும் காரணத்தை எழுதித்தான் தீர்மானம் போட வேண்டும் என்று கேட்கலாமா? அடுத்த மீட்டிங் வருகிறது.

---

கறுப்புக்கோட்டு_ஃபோர்ட் எழுதியது:

தாராளமாகக் கேளுங்கள் மேடம். மினிட்ஸ் புத்தகத்தில் "இன்ன சாட்சியத்தின் பேரில்" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத ஒன்றும் இல்லை என்றால் அங்கேயே எல்லாருக்கும் புரிந்துவிடும். கை தூக்குவதற்கு முன் ஆளுக்கு ஒரு சீட்டில் தனக்கு நேரில் தெரிந்ததை மட்டும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். சேர்மன் கடைசியில் பேசட்டும்.

---

தாராவி_90அடி எழுதியது:

வக்கீல் அண்ணா, எழுதிய தீர்ப்பு பற்றிச் சொன்னது சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எழுதப்படாத ஒன்றும் இருக்கிறது. எங்கள் பகுதியிலிருந்து சாட்சி சொல்லப் போகும் பெரியவர்களுக்குத் தமிழ்தான் வரும். எங்கள் பாட்டியை ஒரு அடிதடி வழக்கில் கூப்பிட்டிருந்தார்கள். கேள்வி மராத்தியில் வரும், பாட்டி பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கும், அவர் தமிழில் சொன்ன பிறகு கொஞ்சம் யோசித்துத் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொல்லும். வெளியே வந்ததும் எதிர்த்தரப்பு ஆள், "கெழவி பொய் சொல்லுது, கண்ணைப் பார்த்துப் பேசமாட்டேங்குது" என்றான். பெரியவர்கள் முன்னால் தலைகுனிந்து பேசுவதுதான் எங்கள் வீட்டுப் பழக்கம். கேட்டுக்கொண்டிருப்பது ஜூரியோ நீதிபதியோ, அந்தத் தயக்கத்தைப் பொய் என்று எடுத்துக்கொண்டால் என்ன செய்வது?

---

மாட்டுங்கா_மனம் எழுதியது:

தம்பி, முகத்தைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிப்பதில் மனிதர்கள் எவ்வளவு பலவீனமானவர்கள் என்பதற்கு உறுதியான கணக்கு இருக்கிறது. நூற்றுக்கணக்கான சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2006 ஆய்வில் சராசரி 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். கண்ணைப் பார்க்காதவன் பொய்யன் என்ற நம்பிக்கை உலகம் முழுக்க இருக்கிறது, ஆனால் அதை வைத்து யாரும் பொய்யைப் பிடித்துவிடுவதில்லை. உன் பாட்டி விஷயத்தில் நடுவில் மொழிபெயர்ப்பாளர் வேறு. தயக்கத்தில் பாதி அவருக்காகக் காத்திருந்த நேரம்.

---

கறுப்புக்கோட்டு_ஃபோர்ட் எழுதியது:

இதற்கு நடைமுறையில் செய்யக்கூடியது இருக்கிறது. சாட்சி கோர்ட் மொழி அல்லாத மொழியில் சொன்னால், முடிந்தால் அந்த மொழியிலேயே பதிவு செய்யலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. முடியாதபோது சரியான மொழிபெயர்ப்பு வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று உங்கள் வக்கீலை முன்கூட்டியே மனு கொடுக்கச் சொல்லுங்கள், அன்று காலையில் போய்க் கேட்டால் கையில் அகப்பட்ட ஆளை நிறுத்திவிடுவார்கள். பதிவானதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடட்டும். தப்பு இருந்தால் அங்கேயே சொல்லித் திருத்தக் கேட்க வேண்டும். பாட்டி தலைகுனிந்து பேசட்டும், அதை யாரும் மாற்ற வேண்டாம். இனி உங்கள் தெருவில் யாருக்காவது சம்மன் வந்தால் தேதிக்கு முன்பே இங்கே எழுதுங்கள், மனு எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.